தற்காப்பும் அதன் பின் நேரும் வழக்கும்

தன்னைக் கொல்ல வந்தவனைத் தடுத்தடித்தவன் குற்றவாளியோ என்று வினவினால், நம்மவருள் எழுத்தறியாதாரும் 'அல்லன்' என்றே விடை பகர்வர். சட்டமும் அவ்வாறே பகர்கின்றது. ஆயினும் அடித்த அக்கணத்துக்கும், 'இவன் நிரபராதி' என்று நியாயாதிபதி தீர்ப்புச் சொல்லும் நாளுக்கும் இடையே கிடக்கும் வழி மிக நெடியது. அவ்வழியில் நிலம் விற்றோரும், பயிர் தரிசாகக் கிடக்கக் கோர்ட்டு வாயிலில் காத்துக் கிடந்தோரும் பலர். ஆகலின் அவ்வுரிமை நம் நாட்டில் எவ்வாறு பிறந்தது, அதன் பின் நேரும் போலீஸ் விசாரணையும் வழக்கும் கள்ளக்குறிச்சிச் சீமையிலும் கல்வராயன் மலையிலும் எவ்வாறு நடந்து வந்தன என்பவற்றை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறிந்திருத்தல் நலமெனக் கருதி இதனை எழுதலாயினோம்.

மெக்காலே பிரபு தலைமை வகித்த சட்டக் கமிஷன் 1837-ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டத்தின் நகலை எழுதி முடித்தது. அந்நகல் இருபதாண்டுகளுக்கு மேல் உறங்கிக் கிடந்து, 1860-இல் சட்டமாகி, 1862-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று அமலுக்கு வந்தது. மெக்காலே 1859-இன் இறுதியிலேயே காலமானமையால் தாம் எழுதியது சட்டமானதைக் கண்டாரல்லர். அதன் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் தற்காப்புரிமையைச் சொல்வன. இந்நாட்டு மக்கள் கொள்ளையர்க்கும் கொடியோர்க்கும் அளவு மீறிப் பணிந்து போகின்றனர் என்றும், அவர்க்கு வேண்டுவது தடைகள் அல்ல, எதிர்த்து நிற்கும் ஆண்மையே என்றும் கமிஷனார் கருதினர். ஆளவந்தோர் ஆளப்படுவோர்க்கு வீரம் புகட்டிய விந்தை ஈது! அதே துரைத்தனத்தார் 1878-இல் ஆயுதச் சட்டம் இயற்றி, லைசென்ஸ் இன்றி எவரும் துப்பாக்கி வைத்தலாகாது என்று கட்டளையிட்டதனையும் உடன் வைத்து நோக்குக.

அச்சட்டம் தந்த உரிமை சுருங்கிய உரிமையன்று. தன் உடலை மட்டுமன்றிப் பிறர் உடலையும் காக்கலாம்; தன் பொருளையும் பிறர் பொருளையும் காக்கலாம். உயிர்ப்பயம், கொடுங்காயப் பயம், பெண்ணின் கற்பழிப்பு, ஆட்கடத்தல் முதலியன நேருமென்று நியாயமான அச்சம் பிறந்தால், எதிரியின் உயிர் போகுமளவும் தடுக்கலாம் என்பது 100-ஆம் பிரிவு. அமில வீச்சும் அதனுள் 2013-இல் சேர்க்கப்பட்டது. ஆங்கில நாட்டுப் பழைய வழக்கில், ஓட வழியுள்ளவன் முதுகு சுவரில் முட்டுமளவும் பின்வாங்குதல் சில சமயங்களில் வேண்டப்பட்டது. நம் நாட்டுச் சட்டம் அவ்வாறு கோழையாய் ஓடுக என்று எவரையும் நிர்ப்பந்திக்கவில்லை. எனினும் 99-ஆம் பிரிவு இரண்டு வேலிகளை இட்டது: அதிகாரிகளிடம் சென்று முறையிடப் பொழுதிருப்பின் உரிமையில்லை, தடுத்தற்கு வேண்டிய அளவின் மேல் ஊறு செய்தலும் ஆகாது. வழக்குகள் யாவும் இவ்விரண்டு வேலிகளின் ஓரத்தில்தான் நிகழ்கின்றன என்று சொல்லிவிடலாம்.

இனி நம் சீமைக்கு வருவோம். கள்ளக்குறிச்சி அந்நாளில் தென்னார்க்காடு ஜில்லாவில் ஒரு தாலூகா. கொலை வழக்காயின் செஷன்ஸ் விசாரணைக்குக் கடலூர் செல்லல் வேண்டும். கள்ளக்குறிச்சியிலிருந்தே அது ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மலைமேல் வாழ்வோர்க்கோ முதலில் மலையிறங்குதலே ஒரு நாட்பயணம். மலை மூன்று ஜாகீர்களாகப் பிரிந்து ஜாகீர்தார் கைவசம் இருந்தமையால், அடிதடியும் எல்லைச் சண்டையும் பெரும்பாலும் ஜாகீர்தார் முன்னும் ஊர்ப் பெரியவர் முன்னுமே பேசி முடிக்கப்பட்டன. போலீஸார் காதுக்கு எட்டியது சிறிதே. 1976-இல் அரசாங்கத்தார் அந்த ஜாகீர்களை ஏற்றுக்கொண்ட பின்னரே மற்ற ஊர்களைப் போன்ற நிர்வாகம் மலைமேல் ஏறிற்று. 1993-இல் விழுப்புரம் தனி ஜில்லாவாயிற்று. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சியே ஜில்லாத் தலைநகராயிற்று. இன்று கரியாலூரில் போலீஸ் ஸ்டேஷனும், வெள்ளிமலையில் தாலூகா ஆபீஸும் உள. வழி குறுகிற்று, வழக்கு குறுகிற்றா என்பது வேறு விஷயம்.

சமவெளிக் கிராமங்களில் அந்நாளில் முதற்சொல் கிராம முன்சீபினுடையது. ஊரில் ஒருவன் மாண்டால் அவரே ஸ்டேஷனுக்கு அறிக்கை அனுப்ப வேண்டியவர். தற்காத்துக் கொண்டவன் அவர் வீட்டுத் திண்ணைக்கு ஓடி வந்து நடந்ததைச் சொல்லி, அவர் அதனை எழுதிக்கொண்டால், அந்த ஒரு தாளே பின்னர் கோர்ட்டில் அவன் உயிரைக் காப்பதும் உண்டு, கெடுப்பதும் உண்டு. முன்சீப் எதிர்க்கட்சிக்கு உறவாயின் கேட்க வேண்டுவதில்லை! பரம்பரை கிராம உத்தியோகங்கள் 1980-இல் ஒழிக்கப்பட்டன. அந்தத் திண்ணை போயிற்று. ஆயினும் முதலில் பேசியவன் சொல்லுக்கு உள்ள கனம் மட்டும் போகவில்லை.

இவ்விடத்தில் அன்பர் பலரும் அஞ்சுவது ஒன்றுண்டு: 'நானே போய் அடித்தேன் என்று சொன்னால் அதுவே எனக்குத் தூக்குக் கயிறாகாதோ?' என்பது. இதற்கு விடை சென்னை ராஜதானியின் சரித்திரத்திலேயே உள்ளது. ரெவினியூ சேவகரும் போலீஸ் சேவகரும் குடிகளை வதைத்து வாக்குமூலமும் வரியும் வாங்குகின்றனர் என்ற கூக்குரல் மிகுந்து, அதனை விசாரிக்க ஒரு கமிஷன் அமர்ந்தது. 1855-இல் வெளிவந்த அதன் அறிக்கை, வதை உண்மையே என்று ஒப்புக்கொண்டது. 1859-இல் சென்னைப் போலீஸ் புதுச் சட்டத்தின்படி திருத்தியமைக்கப்பட்டது. போலீஸ் உத்தியோகஸ்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் அவ்வொப்புக் கொடுத்தவனுக்கு எதிராகச் செல்லாது என்ற விதியும் 1861-இன் நடைமுறைச் சட்டத்தில் ஏறி, 1872-இன் சாட்சியச் சட்டத்தில் நிலைத்தது. பீகார் மலைநாட்டுப் பழங்குடி ஒருவர் தாமே ஸ்டேஷன் சென்று கொலையை ஒப்பிப் பிராது எழுதுவித்த வழக்கில், அப்பிராதில் அடங்கிய ஒப்புதல் முழுவதும் செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தார் 1965-இல் தீர்த்தனர். அது தற்காப்பு வழக்கன்று. எனினும் முதலில் சென்று சொல்லுதற்கு அஞ்சுவோர் அறிய வேண்டிய தீர்ப்பு.

ஓடி ஒளிந்தவன் நிலை இதனினும் கேடானது. அவன் ஒளிந்திருக்கும் நாளில் எதிர்க்கட்சியார் ஸ்டேஷனில் தங்கள் கதையை எழுதி முடித்திருப்பர். அவன் உடம்பிலிருந்த காயமும் ஆறியிருக்கும். இக்காயம் சிறு விஷயமன்று. எதிரி உடம்பில் காயம் இருந்தும், அது எவ்வாறு வந்தது என்று சர்க்கார் தரப்பார் சொல்லாது மறைத்தால், சண்டையின் தொடக்கத்தையே அவர்கள் மறைக்கின்றனர் என்று கோர்ட்டார் கொள்ளலாம் என 1976-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அக்காயத்தை அன்றே ஆஸ்பத்திரியில் டாக்டர் குறித்திருந்தாலன்றோ இத்தீர்ப்பு பயன்படும்? கைதானவரை டாக்டர் பரிசோதித்தல் வேண்டும், பெண்ணாயின் பெண் டாக்டரே பரிசோதித்தல் வேண்டும் என்பது இன்று சட்டமாகவே உள்ளது. கேட்டுப் பெறுக.

இரு கட்சியாரும் பிராது கொடுத்தால் அதற்கும் நம் மாகாணத்தில் பழமையான ஒரு விதி உண்டு. சென்னைப் போலீஸ் நிலை ஆணைகளில் 588-ஏ என்று எண் பெற்று வழங்கிய அவ்விதியின்படி, ஒரே சம்பவத்தில் வழக்கும் எதிர்வழக்கும் எழுந்தால், விசாரிக்கும் உத்தியோகஸ்தர் இரண்டையும் விசாரித்து, முதலில் தாக்கியவர் எவரோ அவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தல் வேண்டும். இரண்டும் பொய்யாயின் இரண்டையும் தள்ளுதல் வேண்டும். தீர்மானிக்க இயலாவிடில் சர்க்கார் வக்கீலின் கருத்தைக் கேட்டல் வேண்டும். நம்மவரோ எதிர்க்கட்சிப் பிராதைக் கண்டு வெகுண்டு, தம் பிராதை எழுதிக் கொடாமலேயே வீடு திரும்பி விடுகின்றனர்! எழுதிக் கொடுத்து ரசீது பெறாத பிராது, கோர்ட்டாரைப் பொறுத்தவரை பிறவாத பிள்ளை.

தற்காப்பை மெய்ப்பிக்கும் பாரம் எதிரியையே சாரும் என்றது 1872-இன் சாட்சியச் சட்டம். கேட்க அச்சமாயிருக்கும். ஆனால் அப்பாரம் சர்க்கார் தரப்பின் பாரம் போன்றதன்று. 'அவ்வாறு நடந்திருத்தல் கூடும்' என்று சம்பாவிதமாகக் காட்டினாலே போதும் என்று கோர்ட்டார் வழிவழியாகச் சொல்லி வந்தனர். எதிரி அவ்வாதத்தை எழுப்பாவிடினும், சாட்சியத்தில் அது தெரியின் கோர்ட்டார் தாமே கருதலாம் என்றது 1967-இல் தீர்ப்பான ஒரு டெல்லி வழக்கு. அவ்வழக்கு நிலத்தைப் பற்றியதாதலின் நம் பக்கத்து உழவர் உன்னத் தக்கது. அமைதியாக நிலத்தை அனுபவித்து வருகின்றவனை, பட்டா தன்னதே என்று சொல்லுகின்றவனும் ஆள் கூட்டிச் சென்று வெளியேற்றலாகாது, கோர்ட்டு மூலமாகவே வெளியேற்றல் வேண்டும், வலிந்து புகுந்தால் அனுபவிப்பவன் தடுக்கலாம் என்று அதில் தீர்த்தனர். பத்திரமின்றித் தலைமுறை தலைமுறையாய் உழுது வந்த மலைநிலத்தார்க்கு இதன் அருமை விளங்கும்.

அதற்கு மறுபுறமும் உண்டு. பஞ்சாபில் நிலத் தகராறொன்றில், தாக்க வந்தோர் திரும்பி ஓடிக்கொண்டிருக்கையில் துப்பாக்கியால் சுட்டவர்க்கு உரிமை இல்லை என்று 1962-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அச்சம் உள்ளளவுமே உரிமை. முதுகு காட்டினவன் மீது விழும் அடி பழிவாங்குதல். நல்லெண்ணத்தோடு அளவு மீறினவனுக்கும் ஒரு வழியைச் சட்டம் விட்டிருக்கிறது. அவன் செயல் கொலையாகாமல் அதனிற் குறைந்த குற்றமாகும். ஆயினும் சிறை சிறைதானே.

மலைமேல் துப்பாக்கி என்றால் நாட்டுத் துப்பாக்கி. காட்டுப் பன்றியை ஓட்ட வைத்திருப்பதாகச் சொல்லுவர், லைசென்ஸ் இராது. தற்காப்பு வழக்கில் ஒருவன் முற்றிலும் விடுதலை பெற்றாலும், லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்காக 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி தனி வழக்கு நிற்கும். ஒரு வழக்கில் வென்று மற்றொன்றில் சிறை புகுதல் பரிதாபமன்றோ? போலீஸார் அத்துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லும்போது ஒப்படைத்துவிடுதல் அறிவுடைமை.

எல்லாம் சரியாக இருந்தும் காலம் எவ்வளவு செல்லும் என்பதற்குப் பஞ்சாபிலேயே மற்றொரு வழக்கு உண்டு. தன் தந்தையை வெட்டியவனை மகன் சுட்டான், நிகழ்ந்தது 1991-இல். விசாரணைக் கோர்ட்டு விடுதலை செய்தது, ஹைகோர்ட்டு தண்டித்தது, உச்ச நீதிமன்றம் 2010 ஜனவரியில் மீண்டும் விடுதலை செய்தது. தாக்கப்படும் தருணத்தில் எவனும் தன் அடியைப் பொன் நிறுக்கும் தராசில் நிறுத்துப் போட இயலாது என்ற பழைய நியாயத்தை அத்தீர்ப்பிலும் வலியுறுத்தினர். உண்மைதான். அதனைச் சொல்ல ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகள் சென்றன.

ஆனால் ஸ்டேஷன் அளவிலேயே நியாயம் கிடைத்ததும் நம் நாட்டில் உண்டு. மதுரையில் 2012-ஆம் ஆண்டு பிப்ரவரியில், குடிவெறியில் தன் மகளிடமே தகாது நடக்க முயன்ற கணவனை ஒரு தாய் கிரிக்கெட் மட்டையால் அடித்தாள், அவன் இறந்தான். அந்நாளில் மதுரைப் போலீஸ் சூப்பிரண்டெண்டாயிருந்த அஸ்ரா கர்க், 100-ஆம் பிரிவை எடுத்துக் காட்டி அத்தாயைச் சிறைக்கனுப்பாது விடுவித்தார். 2021 ஜனவரியில் திருவள்ளூர் ஜில்லா சோழவரத்தருகே, தன்னைக் கெடுக்க முயன்றவனை அவன் கத்தியாலேயே குத்திக் கொன்ற 19 வயதுப் பெண் தானே ஸ்டேஷனுக்குச் சென்று சரண் புகுந்தாள். அவளையும் சூப்பிரண்டெண்டு அரவிந்தன் அதே பிரிவின்படி விடுவித்தார்.

'தற்காப்பா அல்லவா என்று தீர்மானிக்கப் போலீஸார் யார், அது கோர்ட்டாரின் வேலையன்றோ?' என்று மதுரை விஷயத்தில் கேட்டவரும் உண்டு. அக்கேள்வியை இகழ்தற்கில்லை. போலீஸார் கையில் விடுவிக்கும் அதிகாரம் இருப்பின், செல்வாக்குடையோரை விடுவிக்கவும் அது உதவும். எனினும் போலீஸார் விடுவித்ததே முடிவன்று. அவர் அனுப்பும் இறுதி அறிக்கை மாஜிஸ்திரேட்டு முன் செல்லும். அவர் அதனை ஏற்கவும், மேல் விசாரணைக்கு உத்தரவிடவும், மறுத்து வழக்கை நடத்தவும் கூடும். இறந்தவன் சுற்றத்தாரும் அங்கே ஆட்சேபம் சொல்லலாம். இந்தக் காவல் இருக்கும்போது, சாட்சியம் தெளிவாயிருந்தும் ஒரு பெண்ணை ஆண்டுக்கணக்கில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துதல் அநீதி என்பது எம் கருத்து. அவ்விரு பெண்களும் ஒளியவில்லை, கதை புனையவில்லை என்பதும் ஊன்றிக் காணத் தக்கது.

2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா அமலில் உள்ளது. தற்காப்புப் பிரிவுகள் அதில் 34 முதல் 44 வரை. பழைய 100 இப்போது 38. பொருள் பெரும்பாலும் மாறவில்லை. எல்லை தங்களதன்று என்று சொல்லி எந்த ஸ்டேஷனாரும் பிராதைத் திருப்பலாகாது. மறுத்தால் ஜில்லா சூப்பிரண்டெண்டுக்குத் தபாலில் அனுப்பலாம், அதன் பின் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். கைதானவரைப் பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்துதல் வேண்டும். பெண்களுக்கும், பழங்குடியினர்க்கும் ஆதிதிராவிடர்க்கும், காவலில் உள்ள எவர்க்கும் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சட்டப்பணிகள் குழுவார் செலவின்றி வக்கீல் அமர்த்திக் கொடுப்பர். வருமானம் எவ்வளவு என்று அவர்களிடம் கேட்பதில்லை. 2024 ஜூலைக்கு முன் நடந்த சம்பவமாயின் வழக்குப் பழைய எண்களிலேயே நடைபெறும் என்பதையும் வக்கீலிடம் பேசுகையில் நினைவிற் கொள்க.