வேன் புறப்படும் நேரமும் பள்ளிக்கூட மணியும்

விருதுநகர் மாவட்டத்தின் வெம்பக்கோட்டைப் பகுதியில் உள்ள ஆலங்குளம், தென்காசி மாவட்டத்தில் அதே பெயரோடு இருக்கும் ஊரிலிருந்து வேறானது. மானாவாரிக் கரிசலும், சுண்ணாம்புக்கல்லை நம்பி 1970 வாக்கில் எழுந்த அரசு சிமெண்ட் ஆலையும், சுற்றுக் கிராமங்களைச் சிவகாசியோடும் சாத்தூரோடும் பிணைத்த தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களும் சேர்ந்து உருவாக்கிய வட்டாரம் அது. இங்கே 'ஆபீஸ்' என்று மக்கள் சொன்னால் பெரும்பாலும் அது தீப்பெட்டி ஆலையையோ பட்டாசு ஆலையையோதான் குறிக்கும். மாணவர்களின் வருகை, படிப்பு, நலம் ஆகியவற்றைப் பள்ளிகள் பெற்றோருக்குத் தெரிவிக்கும் வழக்கம் இவ்வட்டாரத்தில் வளர்ந்த கதையைத் தொடர்ந்து பார்த்தால், ஒவ்வொரு கட்டத்திலும் அந்த 'ஆபீஸ்' நேரம் குறுக்கே நிற்பதைக் காணலாம்.

பள்ளிக்கும் வீட்டுக்குமான பழைய உறவு இம்மாவட்டத்தில் அரிசிப் பானையில் தொடங்கியது. விருதுநகரில் நாடார் உறவின்முறையினர், அதாவது ஒரு சமூகத்தின் குடும்பங்கள் ஒன்றுகூடிப் பொதுக் காரியங்களை நடத்தும் அமைப்பினர், வணிகத்தின்மீது தாங்களே விதித்துக்கொண்ட மகமை என்னும் பங்குத்தொகையைக் கொண்டும், வீடுதோறும் நாளும் எடுத்துவைத்த ஒரு பிடி அரிசியைக் கொண்டும் சத்திரிய வித்யாசாலையை வளர்த்தனர். காமராசர் படித்தது அங்கேதான். உலை வைக்கும் போதெல்லாம் பள்ளிக்கென்று ஒரு பிடி ஒதுக்கிய வீட்டுக்கு, அந்தப் பள்ளியில் என்ன நடக்கிறது என்று கேட்கும் உரிமையும் இயல்பாகவே வந்துசேர்ந்தது. ஆயினும் அந்த உரிமை உறவின்முறைக்குள் அடங்கியது. கரிசல் காட்டில் கூலிக்குக் களையெடுத்த பிற குடும்பங்களுக்கு அது எட்டவில்லை.

அந்த எல்லையைத் தாண்டிய முயற்சி அரசிடமிருந்து வந்தது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது; 1958 முதல், பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் முன்முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. கரும்பலகை, மணி, கடிகாரம், கட்டடம் எனப் பள்ளியின் தேவைகளை ஊரார் முன்னிலையில் சொல்லி, அவர்களிடமிருந்தே பெற்றுக்கொள்ளும் கூட்டங்கள் அவை. பள்ளி தன் குறைகளை ஊருக்கு வெளிப்படையாகச் சொன்ன காலம் அது என்பதாலேயே அம்மாநாடுகள் தனிக் கவனத்துக்குரியவை. பின்னர் வேரூன்றிய பெற்றோர் ஆசிரியர் கழகமோ, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு வினா வங்கிப் புத்தகங்களின் அட்டையில் அச்சிட்ட பெயராகவே அதிகம் அறிமுகமாயிற்று.

இதற்கிடையில் தொழில் வளர்ந்துவிட்டது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழில், மழை பொய்த்த கரிசலுக்குச் சோறு போட்டது. அதே தொழில் கட்டை அடுக்குதல், அதாவது மரச்சட்டத்தின் வரிகளில் தீக்குச்சிகளை நிரப்பும் வேலை, பெட்டி ஒட்டுதல் ஆகியவற்றுக்குச் சிறுவர் சிறுமியரின் விரல்களையும் பயன்படுத்திக்கொண்டது. பொழுது விடியுமுன்னே கிராமங்களுக்குள் நுழைந்து பிள்ளைகளை ஏற்றிச்சென்ற ஆலைப் பேருந்துகள், பள்ளி மணி அடிக்கும்போது வெகுதூரம் போயிருக்கும். அக்காலத்தில் பள்ளி வீட்டுக்குச் சொல்ல வேண்டியிருந்த முதற்செய்தி மதிப்பெண்ணைப் பற்றியதாக இல்லை. பிள்ளையை அனுப்புங்கள் என்ற வேண்டுகோளாகவே அது இருந்தது. ஆசிரியர் வாசலில் நின்று அதைச் சொன்னபோது, பிள்ளை கொண்டுவரும் கூலிக்கு என்ன வழி என்ற கேள்வி வீட்டுக்குள்ளிருந்து வந்தது. அக்கேள்வியை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

அதற்கு விடை தேடிய சட்டங்கள் மெதுவாக வந்தன. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் சிவகாசிப் பகுதியில் சிறப்புப் பள்ளிகளைத் திறந்தது. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலை மையமாகக் கொண்டு வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பணியில் வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை முதலாளி செலுத்த வேண்டும் என்றும், அக்குடும்பத்தின் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும், இயலாதபோது தன் பங்காக 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்றும் கூறியது. அத்தொகையின் வருவாய் குடும்பத்துக்குச் சேரும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் நின்றுபோகும். வகுப்பறை மேசையில் கிடந்த வருகைப் பதிவேடு, இவ்வாறு குடும்பத்தின் வரவு செலவைத் தொடும் ஆவணமாக மாறியது.

பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பிய பிறகும் பெற்றோர் ஆலையில்தான் இருந்தனர். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்குப் பின் கொடுக்கப்பட்ட முன்னேற்ற அட்டை, அதாவது 'ரேங்க் கார்டு', மாலையில் பெற்றோரை ஏற்றிவரும் ஆலை வேன் வந்து நின்ற பிறகே வீட்டில் விரிக்கப்பட்டது. அலுமினியத் தூள் படிந்து சாம்பல் பூத்த விரல்களைத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக் கழுவிவிட்டு, கையெழுத்துக் கட்டத்தில் பேனாவாலோ மைதோய்ந்த பெருவிரலாலோ ஒப்புதல் இடும் தாய்க்கு, அந்த அட்டையைப் படித்துச் சொல்பவர் பெரும்பாலும் மதிப்பெண் வாங்கிய பிள்ளையே. செய்திக்குரியவரே செய்தியைக் கொண்டுசெல்லும் இந்த ஏற்பாட்டில் எவ்வளவு சொல்லப்பட்டது, எவ்வளவு விழுங்கப்பட்டது என்பதை எந்தப் பதிவேடும் காட்டாது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கொண்டுவந்த பள்ளி மேலாண்மைக் குழு இதை மாற்ற முனைந்தது. உறுப்பினரில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. தமிழ்நாட்டில் 2022இல் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. பாதுகாப்பு பற்றிய புகாருக்கு 14417, 1098 ஆகிய உதவி எண்கள் மாணவர் கண்ணில் படும் இடத்துக்கு வந்தன. வருகைப்பதிவு கைபேசிக்கு மாறியது. இருந்தும் வேலை நாளில் கூடும் கூட்டம், துண்டுக் கணக்கில், அதாவது செய்து முடித்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெறும் பெண்ணிடம் ஒரு நாள் கூலியைக் கேட்கிறது. தீ ஆபத்துள்ள பட்டாசு அறைகளிலோ கைபேசிக்கு இடமே இல்லை. பகலில் பள்ளி அனுப்பும் செய்தி மாலைவரை காத்திருக்கிறது.

எதிர்த்திசையில், வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் செய்திக்கு இவ்வளவு முறைகள்கூட வகுக்கப்படவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று, பள்ளிகளில் ஆசிரியர் தினம் கொண்டாடப்பட்ட நாளில், சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து 40 பேரளவில் இறந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் நேர்ந்த விபத்து வெம்பக்கோட்டை வட்டாரத்தையே உலுக்கியது. இத்தகைய நாளில் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் சேதியைக் கேட்டு, பிள்ளையை வகுப்பிலிருந்து அழைத்துச் செல்லும் பொறுப்பு ஆசிரியர் மீது விழுகிறது. அதற்கு எந்தச் சுற்றறிக்கையும் அவரைத் தயார்ப்படுத்துவதில்லை. பட்டாசு விபத்தில் இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுடைய படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்றும், அதற்கு முதற்கட்டமாக 5 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்றும் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2024 நவம்பரில் விருதுநகரில் அறிவித்தார். அந்த உதவி உரிய பிள்ளையைச் சென்றடைய, தாயோ தந்தையோ எந்த ஆபீசுக்கு வேலைக்குப் போகிறார் என்பது வகுப்பாசிரியருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.