வசனத்தைத் துறந்த வசனகர்த்தா

2019 ஏப்ரல் 2 அன்று காலை இயக்குநர் மகேந்திரன் மறைந்தார். அவருக்கு வயது 79. பள்ளிக்கரணை இல்லத்தில் அஞ்சலிக்காக உடல் வைக்கப்பட்டிருந்தது. வேளச்சேரி–தாம்பரம் சாலையில் நாள்தோறும் பேருந்தில் போய்வரும் நம்மில் எத்தனையோ பேருக்கு, ‘முள்ளும் மலரும்’ எடுத்த மனிதர் இந்தச் சதுப்புநிலத்துப் பக்கம்தான் குடியிருந்தார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. திரைத்துறையின் ஆரவாரத்திலிருந்து அவர் எப்போதுமே ஓர் எட்டு தள்ளி நின்றவர். இருந்தும், நம் ஊர்க்காரர் ஒருவரை இழந்த துக்கம் அன்று தென்சென்னைப் புறநகரில் பல வீடுகளில் இருந்தது. ஆண்டுகள் போயும் அது குறையவில்லை.

இளையான்குடியில் 1939-இல் பிறந்தவர், இயற்பெயர் அலெக்சாண்டர். காரைக்குடி அழகப்பா கல்லூரிக்கு எம்.ஜி.ஆர். வந்த விழாவில், அவரை மேடையில் வைத்துக்கொண்டே தமிழ் சினிமாவின் காதல் பாட்டுகளைக் குறை சொல்லிப் பேசிய மாணவர் அவர். எம்.ஜி.ஆர். கோபப்படவில்லை, பாராட்டினார். பின்னர் ‘பொன்னியின் செல்வ’னுக்குத் திரைக்கதை எழுதும் வேலையையும் அவரிடமே கொடுத்தார். அந்தப் படம் நடக்கவில்லை. ஆனால் விமரிசனம் செய்தவன் கைக்கே பேனா வந்து சேர்ந்தது. பத்திரிகைப் பணி, ‘துக்ளக்’, கதை வசனம் என்று வாழ்க்கை ஓடியது. 1974-இல் ‘தங்கப்பதக்கம்’ வந்தபோது, சிவாஜியின் கர்ஜனைக்கு வசனம் தந்தவர் என்ற பெயர் தமிழ்நாடெங்கும் நிலைத்தது.

அவருடைய கலையைப் புரிந்துகொள்ள இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். வசனம் எழுத வராதவர் மௌனத்தை நாடினால் அதில் வியப்பில்லை. கைதட்டல் எந்த வரியில் விழும் என்று துல்லியமாக அறிந்தவர் அந்த வரியை எழுத மறுத்தார். 1978-இல் ‘முள்ளும் மலரும்’ வளர்ந்துகொண்டிருந்தபோது, படத்தில் வசனமே இல்லையே என்று தயாரிப்பாளர் வேணு செட்டியார் பதறினாராம். அவர் எதிர்பார்த்தது இன்னொரு ‘பாசமலர்’. ‘தங்கப்பதக்கம்’ எழுதியவரிடம் அதைக் கேட்பது நியாயம்தான். கிடைத்ததோ உமாசந்திரனின் நாவலிலிருந்து எழுந்த வேறொரு படம். காளி வேடத்துக்கு ரஜினிகாந்த்தான் என்று மகேந்திரன் பிடிவாதமாக நின்றிருக்காவிட்டால், ரஜினிக்குள் இருந்த அந்த நடிகரை நாம் பார்த்தே இருக்க மாட்டோம்.

அந்தப் படத்தின் முடிவைப் பாருங்கள். ஊரே திரண்டு காளியின் தங்கை வள்ளியை, அவனுக்குப் பிடிக்காத எஞ்சினியருக்கு மணமுடிக்க அழைத்துப் போகிறது. எதிரே ஒற்றைக் கையோடு காளி. தங்கை எல்லோரையும் விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடி வருகிறாள். காளிக்கு வேண்டியது அவ்வளவுதான். உடனே அவனே அவளை மணமகனிடம் ஒப்படைக்கிறான். இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று எஞ்சினியரிடம் சொல்லிவிட்டு. வழக்கமான படம் இந்த இடத்தில் காளியைத் திருத்தியிருக்கும், காலில் விழ வைத்திருக்கும். மகேந்திரன் அவனை அவனாகவே இருக்க விட்டார். கெட்ட குணமும் பேரன்பும் ஒரே மனிதனுக்குள் சமாதானம் ஆகாமலே வாழும் என்பதை நம் திரை அவரிடம்தான் கற்றது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அடுத்த ஆண்டு வந்த ‘உதிரிப்பூக்கள்’ இன்னும் ஆழம் போனது. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ அதற்குப் பொறி. படம் வளர்ந்த திசை முழுக்க மகேந்திரனுடையது. கடைசியில் ஊரார் படத்தின் மையப் பாத்திரமான சுந்தரவடிவேலுவை ஆற்றங்கரைக்குக் கொண்டுவருகிறார்கள். அத்தனை கொடுமை செய்தவன் சாவதைப் பார்க்கத்தானே நாமும் காத்திருந்தோம்? ஆனால் அவனோ, உங்களையெல்லாம் என்னைப் போல ஆக்கிவிட்டேனே என்கிறான். அதுவே தான் செய்த பெரிய தவறு என்கிறான். அந்தப் பேச்சு ஊராரோடு நிற்பதில்லை. அரங்கில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. கரையில் அவனுடைய இரண்டு பிள்ளைகள். இனி அவர்களுக்கு யார் என்பதற்குப் படத்தில் பதில் இல்லை. அசோக்குமாரின் ஒளிப்பதிவும் இளையராஜாவின் இசையும் அந்தப் பதிலின்மையை மூடி மறைக்கவில்லை.

சத்யஜித் ராய் 1955-இல் வங்காளத்தில் ‘பதேர் பாஞ்சாலி’ எடுத்தபோது, வணிக சினிமாவுக்கு வெளியே வேறொரு பாதை போட்டார். மகேந்திரன் பெரிய நட்சத்திரத்தையும் பாட்டையும் வைத்துக்கொண்டு நம் கொட்டகைகளுக்குள்ளேயே அந்தப் பாதையைத் திறந்தார். கல்லூரியில் காதல் பாட்டைக் குறை சொன்னவர் பாட்டை ஒழிக்கவில்லை, அதற்கு வேறு வேலை கொடுத்தார். ‘நெஞ்சத்தை கிள்ளாதே’வில் அதிகாலையில் சுஹாசினியும் மோகனும் ஓடுகிறார்கள், உதடுகள் அசையாமல், காலடிச் சத்தமே தாளமாகப் பாட்டு போகிறது. மணிரத்னம் முதல் அடுத்த தலைமுறையினர் பலரும் ‘உதிரிப்பூக்க’ளைத் தங்கள் அளவுகோலாகச் சொன்னார்கள். ஆனாலும் அவரைப் போலவே படமெடுத்தவர் என்று எவரையும் காட்ட முடியாது. நகலெடுக்கத் தோதான பாணி எதையும் அவர் விட்டுப்போகவில்லை.

இயக்கியவை 12 படங்கள்தான். 1992-இல் வந்த ‘ஊர்ப் பஞ்சாயத்து’க்கும் 2006-இல் வந்த ‘சாசன’த்துக்கும் நடுவே 14 ஆண்டு இடைவெளி. அந்த வறட்சிக்கு அவர் காரணமல்ல. ‘ஜானி’யை எடுத்த கைக்குத் தொழில் வேலை தரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமை பொங்குகிறது. கடைசிக் காலத்தில் ‘தெறி’யில் அமைதியான வில்லனாக அவரைக் கண்டு ரசித்த இளைஞர்களுக்கு, அந்த முதியவர் யார் என்று நாம்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இம்மலரை வெளியிடும் நண்பர்களிடம் ஒரு விண்ணப்பம். தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் அவர் படங்களைத் திரையிடும்போது, எல்லோரும் பார்த்த ‘முள்ளும் மலரு’மில் தொடங்க வேண்டாம். பொன்னீலனின் ‘உறவுகள்’ கதையிலிருந்து 1980-இல் அவர் எடுத்த ‘பூட்டாத பூட்டுக்க’ளில் தொடங்குங்கள். குழந்தையில்லாத வீட்டுப் பெண் ஒருத்தி கணவனைவிட்டு இன்னொருவனை நாடிப் போகிறாள். படம் அவளைத் தண்டிக்கவில்லை. முடிந்ததும் விளக்கைப் போட்டு, பார்த்தவர்களைப் பேச விடுங்கள்.