மெய்டா வேலில் ஒரு நாள்: ஜாய் டிவிஷனின் வானொலிப் பதிவுகள்

பிரிட்டிஷ் வானொலியில் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் இசைத்தட்டுகளை ஒலிபரப்பலாம் என்ற வரம்பு நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. துறையினர் 'நீடில் டைம்' என்று அழைத்த இந்த வரம்பு, இசைத்தட்டு நிறுவனங்களின் ஒலிபரப்பு உரிமையை நிர்வகித்த அமைப்புடன் பிபிசி செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பிறந்தது. வானொலி தட்டுகளை மட்டுமே சுழலவிட்டால் வாத்தியம் வாசிப்போரின் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய இசைக்கலைஞர் சங்கமும் அதை விடாப்பிடியாக ஆதரித்தது. 1967 செப்டம்பர் 30 அன்று இளைஞர்களுக்கெனத் தொடங்கப்பட்ட ரேடியோ 1 நிலையமும் இதற்குக் கட்டுப்பட்டிருந்ததால், இசைக்குழுக்களை ஊதியம் கொடுத்து வரவழைத்து, ஒலிபரப்புக்கென்றே பாடல்களைப் புதிதாகப் பதிவு செய்யும் முறை அங்கு வேரூன்றியது. இவ்வாறு பதிவான தொகுப்பே 'செஷன்' எனப்பட்டது.

இப்பதிவுகளில் பெரும்பாலானவை லண்டனின் மெய்டா வேல் பகுதியில், 1909இல் சக்கரச் சறுக்கு அரங்கமாகக் கட்டப்பட்டு 1930களில் பிபிசியால் ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றப்பட்ட கட்டடத்தில் நடந்தன. குழுவினர் வேனில் கருவிகளை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கி, டிரம்ஸையும் ஆம்ப்ளிஃபையர்களையும் பொருத்தி, வழக்கமாக நான்கு பாடல்களைப் பெரும்பாலும் எல்லோரும் சேர்ந்தே வாசித்துப் பதிவு செய்வர். குரலையோ கிதாரையோ கொஞ்சம் மேற்பதிவு செய்ய நேரம் கிடைக்கும். இரவுக்குள் ஒலிக்கலவையும் முடிந்துவிட வேண்டும். எதிரே ரசிகர் கூட்டம் இல்லை, ஆகவே இதை மேடைக் கச்சேரி என்று சொல்ல முடியாது. வாரக்கணக்கில் செதுக்கப்படும் ஆல்பத்தின் சாவகாசமும் இதற்கு இல்லை. இந்த நெருக்கடிதான் இப்பதிவுகளின் பெருமதிப்புக்குக் காரணம் என்று துணிந்து கூறலாம்.

ரேடியோ 1இன் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜான் பீல், தயாரிப்பாளர் ஜான் வால்டர்ஸின் துணையோடு, பெரிய நிறுவனங்களின் ஆதரவில்லாத, அதாவது 'இண்டி' எனப்பட்ட, சிற்றூர் மற்றும் தொழில்நகரக் குழுக்களுக்கு இக்கூடத்தின் கதவைத் திறந்துவிட்டார். அப்படி வந்தவற்றுள் ஒன்று, மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டையும் மேக்கிள்ஸ்ஃபீல்டையும் சேர்ந்த நான்கு இளைஞர்களின் ஜாய் டிவிஷன். 1979 ஜனவரி 31 அன்று அவர்கள் முதல் செஷனைப் பதிவு செய்தபோது அவர்களுக்கென ஓர் ஆல்பம்கூட வெளியாகியிருக்கவில்லை.

அந்த நாளில் பதிவான 'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' பாடலை, அதே ஆண்டு ஜூனில் ஃபேக்டரி நிறுவனம் வெளியிட்ட 'அன்நோன் பிளஷர்ஸ்' ஆல்பத்தில் உள்ள வடிவத்தோடு ஒப்பிட்டுக் கேட்பவர் செஷனின் அருமையை உணர்வார். ஆல்பத்தின் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட், டிரம்ஸ் கலைஞர் ஸ்டீஃபன் மாரிஸை ஒவ்வொரு டிரம்மையும் தனித்தனியே வாசிக்கச் செய்து, டிஜிட்டல் எதிரொலிக் கருவிகளால் ஒலிகளுக்கிடையே குளிர்ந்த வெற்றிடத்தை உண்டாக்கினார். அது மகத்தான கலைப்படைப்பு. ஆயினும் மேடையில் தாங்கள் எழுப்பிய ஆவேசம் அதில் அடங்கிப்போனதாகக் குழுவினரான பீட்டர் ஹூக்கும் பெர்னார்ட் சம்னரும் குறைபட்டுக்கொண்டனர். அவர்கள் தேடிய அந்த ஆவேசம் பிபிசியின் நாடாவில் இருக்கிறது: டிரம்ஸ் ஒரே உடலாக முன்னோக்கிப் பாய, பேஸ் கிதார் மெட்டைச் சுமக்க, பாடகர் இயன் கர்ட்டிஸின் குரல் அலங்காரமின்றி அருகில் ஒலிக்கிறது.

இரண்டாவது செஷன் 1979 நவம்பர் 26 அன்று நடந்தது. பின்னாளில் அவர்களை உலகறியச் செய்த 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' அன்று பதிவான நான்கில் ஒன்று. இசைத்தட்டுக்காக இதே பாடலை 1980 ஜனவரியில் ஓல்டமிலும் மார்ச்சில் ஸ்டாக்போர்ட்டிலும் ஹானெட்டுடன் திரும்பத் திரும்பப் பதிவு செய்தனர் என்பதால், மெய்டா வேல் வடிவம் அப்பாடலின் முந்தைய நிலையைக் காட்டும் சான்றாகிறது. மே 18 அன்று, 23 வயதில், கர்ட்டிஸ் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஜூனில் அத்தட்டு வெளிவந்தபோது குழுவே இல்லை. எஞ்சிய மூவரும் நியூ ஆர்டர் என்ற பெயரில் தொடர்ந்தனர்.

வானொலி நாடாக்கள் காப்பகத்துக்கென உருவானவை அல்ல. முந்தைய ஆண்டுகளில் பதிவான எத்தனையோ செஷன்களை, நாடாவை மறுபடி பயன்படுத்துவதற்காக பிபிசியே அழித்துவிட்டது. ஈடு செய்ய முடியாத இழப்பு அது. ஜாய் டிவிஷனின் இரு பதிவுகளும் தப்பின. பீலும் கிளைவ் செல்வுட்டும் தொடங்கிய ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட் நிறுவனம் 1986 முதல் இத்தகைய செஷன்களைத் தட்டுகளாக வெளியிட்டதால், இரவில் வானொலியை விழித்திருந்து கேட்டவர்களுக்கு மட்டும் வாய்த்தது பிறருக்கும் எட்டியது. தட்டுகளுக்கான நேர வரம்பு 1988இல் நீங்கிய பிறகும் பீல் செஷன்களை நிறுத்தவில்லை. 2004 அக்டோபரில் அவர் மறைந்தபோது அவர் நிகழ்ச்சிக்காகப் பதிவான செஷன்கள் 4,000ஐத் தாண்டியிருந்தன.