கட்டுச்சோற்று மூட்டையும் ஆற்றங்கரை நாள்களும்

கட்டுச்சோறு என்பது வீட்டில் சமைத்து, இலையில் பொதிந்தோ பாத்திரத்தில் அடைத்தோ, வழியில் உண்பதற்காக எடுத்துச் செல்லும் உணவு. சாப்பாட்டுக் கடைகள் ஊருக்கு ஊர் பரவுவதற்கு முன், தமிழ்நாட்டில் ஒரு குடும்பம் ஆற்றுக்கோ கோயிலுக்கோ உறவினர் வீட்டுக்கோ புறப்பட வேண்டுமென்றால் முதல் ஏற்பாடு இதுதான். அதன் பொறுப்பு பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண்ணிடம் இருந்தது. எத்தனை பேருக்கு எத்தனை படி அரிசி, எந்தச் சாதம் மாலைவரை தாங்கும், எதை நண்பகலுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதெல்லாம் பாட்டியின் கணக்கு. அடுப்படியை விட்டு அகலாத பெண்கள் வெளியுலகைக் கண்ட நாள்கள் திருவிழாவையும் ஆற்றுநீரையும் ஒட்டியே அமைந்தன. அந்த நாள்களைச் சாத்தியமாக்கியது இந்தச் சோற்று மூட்டை. தமிழ்ச் சமையலின் வரலாற்றில் விருந்துக்குக் கிடைத்த இடம் இதற்குக் கிடைக்காமல் போனது பெரிய குறை.

வழியுணவைப் பற்றிய பேச்சு தமிழில் மிகப் பழையது. கற்றவருக்கு எந்த நாடும் சொந்த நாடே, அவர் ஆற்றுணா கொண்டுபோகத் தேவையில்லை என்பது பழமொழி நானூற்றில் இடம்பெற்ற கருத்து. மற்ற எல்லாருக்கும் அது தேவைப்பட்டது என்பது அதிலேயே விளங்குகிறது. வையையில் புதுப்புனல் வந்ததும் மதுரை மக்கள் திரண்டு நீராடியதைப் பரிபாடல் விரிவாகப் பாடுகிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணத்தில் சிவபெருமானே சோறு சுமந்து வருகிறார். திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசித்துக் களைத்த அப்பருக்கும், திருக்குருகாவூர் வழியில் சுந்தரருக்கும் அவருடன் வந்த அடியாருக்கும் இறைவன் பொதிசோறு தந்ததாக வரலாறு. இவ்விரு ஊர்களிலும் அந்த நிகழ்ச்சி இன்றும் விழாவாகக் கொண்டாடப்படுகிறது. பசித்து நடப்பவருக்குச் சோறு தருவதே பேரருள் என்று ஒரு சமூகம் எண்ணியிருந்தால், அதன் சாலைகளில் உணவு கிடைப்பது எவ்வளவு அரிதாக இருந்திருக்கும் என்பதையும் ஊகிக்கலாம்.

கட்டுச்சோற்றின் கலை முழுவதும் கெடாமல் காப்பதில் இருக்கிறது. சோற்றைக் கெடுப்பது ஈரமும் வெப்பமும். எனவே சாதத்தைக் குழையவிடாமல் உதிரியாக வடித்து, அகலமான தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு ஆறவைப்பார்கள். சூட்டோடு மூடினால் ஆவி நீராகி இறங்கி, சில மணி நேரத்தில் நூல்விடத் தொடங்கும். புளியோதரை இதில் முதலிடம் பெற்றதற்குக் காரணம் புளியின் அமிலம், உப்பு, மஞ்சள், எண்ணெய் ஆகிய நான்கும் ஒருசேர அதைக் காப்பதுதான். புளிக்காய்ச்சலை முதல்நாளே கல்சட்டியில் ஏற்றி, நீர் முழுவதும் வற்றி எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை கொதிக்கவிடுவார்கள். வெந்தயமும் பெருங்காயமும் வறுத்துப் பொடித்துச் சேரும். மிளகாய், போர்த்துக்கீசியரின் வருகைக்குப் பிறகு இங்கு வந்த பொருள். அதற்கு முன் காரத்துக்கு மிளகுதான். பெருமாள் கோயில்கள் சிலவற்றின் புளியோதரையில் இன்றும் மிளகே காரம் தருகிறது.

தயிர்சாதத்துக்கு வேறொரு நுட்பம். சூடான சோற்றைக் குழைய மசித்து, காய்ச்சிய பாலை நிறைய விட்டு, ஆறியபின் ஒரு கரண்டித் தயிரை மட்டும் கலப்பார்கள். வழியில் மெல்ல உறைந்து, உண்ணும் வேளையில் புளிக்காத தயிர்சாதமாக இருக்கும். புறப்படும் நேரத்தையும் சாப்பிடும் நேரத்தையும் மனத்தில் வைத்து உறை ஊற்றும் அளவை மாற்றுவது அனுபவத்தால் மட்டுமே வருவது. தொட்டுக்கொள்ள மாவடுவோ உப்பு நாரத்தங்காயோ போதும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் இருபுறமும் தடவிய இட்லி மறுநாள்வரைகூடத் தாங்கும். தேங்காய்ச் சாதத்தை மட்டும் முதலில் காலிசெய்ய வேண்டும். கறிச்சோறு கொண்டுபோகும் வீடுகளில் மூட்டையின் மேல் ஒரு கரித்துண்டை வைப்பது வழக்கம். காத்துக் கருப்பு அண்டாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

வாழையிலையை அனலில் வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. அதில் சோற்றை வைத்து வாழைநாரால் கட்டுவார்கள். மந்தாரை இலை, தாமரை இலை, பாக்குமட்டை என்று ஊருக்கேற்ப மாறும். பித்தளைத் தூக்கில் புளிப்பை வைத்தால் களிம்பு ஏறும் என்பதால் உள்ளே ஈயம் பூசியாக வேண்டும். ஈயம் பூசுகிறவர் தெருவில் வரும் நாளுக்காகப் பாத்திரங்கள் காத்திருந்தன. 20ஆம் நூற்றாண்டில் எவர்சில்வர் பரவியதும் அந்தத் தொழில் மங்கியது. அடுக்கு டிபன் கேரியரும் மூடியுள்ள கூஜாவும் பயணத்தின் அடையாளங்களாயின.

கட்டுச்சோற்றுக்கென்றே அமைந்த நாள் ஆடிப் பதினெட்டு. தென்மேற்குப் பருவமழையால் காவிரியில் புதுநீர் பெருகிவரும் காலம் அது. திருச்சி அம்மா மண்டபம், திருவையாறு, பவானி கூடுதுறை ஆகிய படித்துறைகளில் பெண்கள் கூடி, காதோலை கருகமணி, பூ, பழம், காப்பரிசி ஆகியவற்றைப் படைத்து ஆற்றை வணங்குவார்கள். தாலிக்கயிறு மாற்றி, மஞ்சள் சரடு கட்டிக்கொள்வார்கள். திருவரங்கத்திலிருந்து நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி, காவிரிக்குச் சீர் தருவார். தஞ்சை வட்டாரத்தில் பிள்ளைகள் சிறு சப்பரம் இழுப்பார்கள். வழிபாடு முடிந்ததும் புளி, எலுமிச்சை, தேங்காய், சர்க்கரை, தயிர் என்று சித்திரான்னங்கள் கரையிலேயே பரிமாறப்படும். கல்கி 1950இல் தொடராக எழுதத் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ வீராணம் ஏரிக்கரையில் இந்த நாளில்தான் ஆரம்பமாகிறது.

1925இல் கட்டத் தொடங்கி 1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணை இந்த விழாவின் இயல்பையே மாற்றியது. அதுவரை மலைமழை தானாகக் கொண்டுவந்த வெள்ளம், பின்னர் அணை திறப்பைச் சார்ந்ததாயிற்று. பாசனத்துக்காக வழக்கமாக ஜூன் 12 அன்று அணை திறக்கப்படுகிறது. இருப்பு குறைந்த ஆண்டுகளில் ஆடி பிறந்தும் ஆறு வறண்டு கிடக்கும். அப்போது படித்துறைகளில் குழாய் அமைத்து நீராட ஏற்பாடு செய்கிறார்கள். நீர் ஓடாத மணலின் அருகே பெண்கள் முளைப்பாரியோடு நிற்பது வருத்தம் தரும் காட்சி.

நெடும்பயணத்துக்குக் கட்டுச்சோறு மட்டும் போதாது. இராமேசுவரம் செல்லும் வழியில் தஞ்சை மராட்டிய மன்னர்கள் அமைத்த சத்திரங்கள் அந்தக் குறையைத் தீர்த்தன. இரண்டாம் சரபோஜி காலத்து ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரம் அவற்றில் புகழ்பெற்றது. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு ரயில் ஓடத் தொடங்கிய பிறகு தொலைவுகள் சுருங்கின. ஆனால் சோற்று மூட்டை குறையவில்லை. ஆசாரம் பார்த்த வீடுகளில் பிறர் கையால் சமைத்ததை உண்ணமாட்டார்கள். ஆசாரம் மிகுந்த கைம்பெண்களுக்குத் தம் கையால் பொங்கிய சோறு ஒன்றே விதி. பிராமணருக்கும் மற்றவருக்கும் ரயில் நிலையச் சாப்பாட்டு இடங்கள் தனித்தனியாக இருந்தன. சுயமரியாதை இயக்கம் அதைக் கடுமையாக எதிர்த்தது. உணவு விடுதிகளுக்குள் நுழையவே விடப்படாத சாதியினருக்கோ கட்டுச்சோறு தவிர வேறு வழியில்லை. ஒரே மூட்டை ஒருவருக்கு ஆசாரமாகவும் இன்னொருவருக்கு அவமதிப்பின் விளைவாகவும் இருந்தது என்பதை இந்த வரலாற்றில் மறைக்கக் கூடாது.

சடங்குகளிலும் இது இடம்பிடித்தது. பிராமணத் திருமணங்களில் கடைசியாகப் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தரும் கட்டுச்சாதக் கூடை, ஊர் திரும்பும் வழிக்கான உணவாகத் தொடங்கியது. கொங்கு நாட்டில் கருவுற்ற மகளைப் பார்க்கப் பெற்றோர் பலவகைச் சாதங்களோடு வந்து நடத்தும் கட்டுச்சோற்று விருந்து, வளைகாப்புக்கு இணையாகப் போற்றப்படுகிறது.

சென்னையில் காணும் பொங்கல் இதற்குரிய நாள். கவர்னர் கிராண்ட் டஃப் 1880களில் அமைத்த மெரினா நடைபாதையை ஒட்டிய மணலில் குடும்பங்கள் வட்டமாக அமர்ந்து பாத்திரங்களைத் திறக்கின்றன. 1985இல் திறக்கப்பட்ட வண்டலூர் உயிரியல் பூங்காவும் மாமல்லபுரமும் அன்று நிரம்பி வழிகின்றன. வெளியே போகும் மகிழ்ச்சிக்காகப் பெண்கள் விடியலுக்கு முன்பே எழுந்து அடுப்பு மூட்டினார்கள். மற்றவர்களுக்கு விடுமுறையான அந்த நாள் அவர்களுக்கு இரட்டிப்பு வேலை நாள். புட்டியில் விற்கும் புளிக்காய்ச்சலையும் நெடுஞ்சாலை உணவகங்களையும் கண்டு வருந்துவோர் இந்த உழைப்பையும் நினைக்க வேண்டும். அறநிலையத்துறை அண்மை ஆண்டுகளில் ஆடி மாதந்தோறும் மூத்த குடிமக்களை அம்மன் கோயில்களுக்குப் பேருந்தில் அழைத்துச் செல்கிறது. வழியுணவும் அங்கேயே வழங்கப்படுவதால், அதில் செல்லும் பாட்டிகள் முதல்நாள் புளி கரைக்க வேண்டியதில்லை.