எலும்பும் மின்சாரமும்

மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருக்கும் ஒருவர், தலைமாட்டில் கிடக்கும் கைப்பேசியைச் சந்தேகத்தோடு பார்த்து, அதன் கதிர்வீச்சினால் எலும்பு கூடுவது தாமதப்படுமோ என்று விசாரிப்பது இக்காலத்தில் அபூர்வமான காட்சியன்று. அந்த விசாரணையை வெறும் அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஏனெனில், 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் வீதியில் நின்று மார்ட்டின் கூப்பர் கையடக்கத் தொலைபேசியில் பேசிக் காட்டியதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, எலும்புக்கும் மின்சாரத்துக்கும் உள்ள சம்பந்தம் ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் பரீட்சிக்கப்பட்டுவிட்டது.

அதற்கும் முன்னால், 1892இல், பெர்லின் நகரத்து அறுவை வைத்தியர் ஜூலியஸ் வோல்ஃப், எலும்பு தான் தாங்கும் பாரத்துக்கு இசையத் தன் உள்ளமைப்பையும் உருவத்தையும் மாற்றிக்கொள்கிறது என்ற நியதியை ஒரு நூலாக வெளியிட்டிருந்தார். பாரம் விழும் இடத்தில் எலும்பு தடிக்கிறது, விழாத இடத்தில் மெலிகிறது என்பது அதனால் தெளிவாயிற்று. ஆனால், பாரம் எங்கே விழுகிறது என்ற செய்தியை எலும்பின் உயிரணுக்களுக்கு யார் கொண்டுபோய்ச் சொல்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே கிடந்தது.

கியோட்டோவில் எலும்பு வைத்தியராயிருந்த இவாவோ யசுதா அதற்கு மின்சாரத்தில் விடை தேடினார். எலும்பை வளைத்தால் அதில் மின்னழுத்தம் தோன்றுகிறது என்று கண்ட அவர், அந்த மின்சாரமே எலும்பை வளர்க்கவும் கூடுமல்லவா என்று சிந்தித்து, முயலின் தொடையெலும்பில் ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கேயான மிகச் சொற்ப மின்னோட்டத்தை மூன்று வார காலம் செலுத்திப் பார்த்தபோது, எதிர்மின் முனையைச் சுற்றிப் புதிய எலும்பு திரண்டிருப்பதைக் கண்டார். 1953இல் உள்ளூர் வைத்திய சங்கத்தின் பத்திரிகையில் வெளியான அந்தச் செய்தி மேல்நாட்டார் கண்ணில் உடனே படவில்லை. குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880இல் க்யூரி சகோதரர்கள் கண்ட அதே குணம் உலர்ந்த எலும்புக்கும் உண்டு என்பதை, பௌதிக அறிஞர் எய்இச்சி ஃபுகதாவும் யசுதாவும் 1957இல் சேர்ந்து நிரூபித்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. ஒரு வைத்தியரும் ஒரு பௌதிக அறிஞரும் ஒரே எலும்புத் துண்டின் மீது குனிந்திருந்த அந்தச் சித்திரம் என் மனத்தை மிகவும் கவர்ந்தது.

1962இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ பாசெட், ராபர்ட் பெக்கர் என்ற இரு வைத்தியர்கள் இவ்விஷயத்தை மேலும் ஆராய்ந்து, நெருக்குண்ட பக்கம் எதிர்மின்னும், இழுபட்ட பக்கம் நேர்மின்னும் கொள்வதை எடுத்துக்காட்டினர். ஈரமுள்ள எலும்பில் இம்மின்னழுத்தம் பெரும்பாலும் நுண்குழல்களில் ஓடும் திரவத்தினால் எழுவது என்பது பின்னால் தெரியவந்தது. பாசெட், உடலைக் கீறாமலே, கட்டின் மேல் கம்பிச் சுருள்களை வைத்து, விநாடிக்கு 15 முறை எழுந்தடங்கும் காந்தத் துடிப்புகளை எலும்புக்குள் அனுப்பும் சிகிச்சையை வகுத்தார். 1979இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், மாதக் கணக்கில் கூடாமல் நின்ற எலும்புகளுக்கு அதைப் பிரயோகிக்க அனுமதியும் அளித்தது.

ஆனால் இந்தக் கீர்த்திக்கும் சோதனை வந்தது. 1984இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு வைத்தியர்கள், கீழ்க்காலெலும்பு கூடாத 16 பேரில் 9 பேருக்கு உண்மையான கருவியையும், 7 பேருக்கு அதே தோற்றமுடைய இயங்காக் கருவியையும் கொடுத்துப் பார்த்ததில், இரு தரத்தாரிலும் ஐவ்வைந்து பேருக்கு எலும்பு கூடியது! மின்சாரத்தைவிட, மாவுக்கட்டும் காலை ஊன்றாத ஓய்வுமே வேலை செய்தனவோ என்ற ஐயம் எழுந்தது. அக்குழுவில் ஒருவரான ஷராட், 1990இல், எலும்பு கூடத் தாமதித்த 45 பேரிடம் நடத்திய பரீட்சையில் கருவிக்குச் சாதகமான முடிவையே கண்டார். வழக்கு இன்றும் முற்றத் தீரவில்லை.

பெக்கரின் போக்கு வேறு. மின்சாரத்தால் எலும்பு வளர்வதைக் கண்ட அவரே, சொற்பமான மின்சாரம் சரீரத்தை அவ்வளவு தூரம் அசைக்க வல்லதானால், ஓயாமல் நம்மைச் சூழ்ந்திருக்கும் மின்புலம் தீங்கும் செய்யலாமே என்று கவலை கொண்டு, நியூயார்க் மாநிலத்தில் நிறுவவிருந்த உயரழுத்த மின்கம்பிகளைக் குறித்த விசாரணையில் சாட்சியம் சொன்னார். இன்று கைப்பேசியைக் கண்டு அஞ்சுவோர் கொள்ளும் கவலையும் அவ்வகைப்பட்டதே.

எனினும், பாசெட்டின் துடிப்பு விநாடிக்கு 15 என்றால், கைப்பேசியின் அலையோ விநாடிக்குக் கோடிக்கணக்கான அதிர்வுடையது; ஒன்றின் குணத்தை மற்றொன்றின் மேல் ஏற்றிப் பேசுவது நியாயமாகாது. கைப்பேசி அலை மூலக்கூறுகளைச் சிதைக்கும் வலிமை உடையதன்று. உடலைச் சிறிது சூடேற்றுவதே அதன் நிச்சயமாக அறியப்பட்ட விளைவு. அதனால்தான், 2012 செப்டம்பர் முதல் நம் நாட்டில், ஒரு கிலோகிராம் உடற்திசுவுக்கு 1.6 வாட் என்ற வரம்பு விதிக்கப்பட்டிருக்கிறது. எலும்பு கூடுவதன் மீது கைப்பேசி அலையின் விளைவைப் பிராணிகளிடம் பரீட்சித்தவர்களின் முடிவுகள் ஒன்றுபடவில்லை. ஆனால், முறிந்த எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துவதாக நன்கு நிலைநாட்டப்பட்டது புகைப்பழக்கம். கைப்பேசியைத் தள்ளி வைப்பதைவிடச் சிகரெட்டைத் தள்ளி வைக்கும்படி நான் வேண்டுவேன். கட்டு அவிழ்ந்த பின் வைத்தியர் மெல்லக் காலை ஊன்றச் சொல்லும்போது, அவ்வூன்றலின் அழுத்தத்தில், எந்தக் கருவியும் இன்றி, யசுதா தேடிய அந்தச் சொற்ப மின்சாரம் எலும்புக்குள்ளேயே எழுந்துகொண்டிருக்கும்.