ஈலித் தீவும் அதனை ஆண்டவர்களும்



இங்கிலாந்தின் தேசப்படத்தில் கேம்பிறிட்ஜ் நகருக்கு வடகிழக்கே ஈலி என்னும் சிறு நகர் குறிக்கப்பட்டிருக்கும். அந்நகரைக் கடல் சூழ்ந்திருக்கவில்லை. ஆயினும் அதனையும் அதனை அடுத்த நிலத்தையும் அந்நாட்டவர் பன்னூறு ஆண்டுகளாக ஈலித் தீவு என்றே வழங்கி வந்துள்ளனர். கடல் இல்லாத இடத்தில் தீவு எவ்வாறு வந்தது, அத்தீவை யார் யார் எவ்வுரிமையால் ஆண்டனர் என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

ஈலி நகர் ஒரு களிமண் மேட்டின்மீது அமைந்தது. அம்மேட்டின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 85 அடி மாத்திரமே. நம் மலைநாட்டவர் இதனை மேடு என்று சொல்லவும் தயங்குவர். ஆனால் சுற்றியுள்ள தாழ்ந்த சதுப்பு நிலத்தில் அது உயர்ந்தே தோன்றும். பழங்காலத்தில் ஊஸ் ஆறும் அதன் கிளைகளும் மழைக்காலத்தில் கரைபுரண்டு அச்சமவெளி முழுவதையும் நீர்ப்பரப்பாக்கின. மேடுகள் மாத்திரம் நீருக்குமேல் நின்றன. நாணற் காடும் நீர்ப்பறவையும் விலாங்கு மீனும் நிறைந்த நாடு அது. விலாங்கின் பெயராலேயே ஈலி என்ற பெயர் ஏற்பட்டது எனப் பீட் என்னும் பழைய சரித்திராசிரியர் எழுதியுள்ளார். நிலவரியையும் வாடகையையும் விலாங்காகவே செலுத்திய காலமும் அங்கு உண்டு.

இன்று இப்பகுதி கிழக்குக் கேம்பிறிட்ஜ்ஷயர் என்னும் உள்ளூராட்சி மாவட்டத்தில் அடங்கும். அதன் பரப்பு ஏறக்குறைய 250 சதுர மைல். 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி சனத்தொகை சுமார் 87,700. வடபாதி கறுத்த மண்ணுடைய சதுப்பு நிலம்; தென்பாதி சுண்ணக்கல் மேட்டு நிலம். தென்பாதியில் ‘பிசாசின் அணை’ எனப்படும் மண் அரண் ஒன்று, ஆங்கிலோ சாக்சனியர் காலத்தில் எழுப்பப்பட்டது, ஏழரை மைல் நீளத்துக்கு நேர்கோடாகக் கிடக்கின்றது. அதன் ஒரு முனையில் உள்ள ரீச் என்னும் சிற்றூருக்கு 1201ஆம் ஆண்டின் அரச பட்டயத்தால் சந்தை உரிமை கிடைத்தது. அச்சந்தையைக் கேம்பிறிட்ஜ் நகர முதல்வர் நேரில் வந்து தொடக்கி வைக்கும் வழக்கம் இன்னும் அற்றுப் போகவில்லை.

ஈலியின் ஆட்சி ஒரு பெண்ணிலிருந்து தொடங்குகின்றது. 673ஆம் ஆண்டில் எதெல்றீடா என்னும் அரசி துறவு பூண்டு இம்மேட்டில் ஒரு மடத்தை நிறுவினாள். வட நாட்டுக் கொள்ளையர் அதனை அழித்தனர். 970இல் அது மீண்டும் எழுந்தது. அரசர் அம்மடத்துக்கு நிலத்தை மாத்திரமன்றி நீதி செலுத்தும் உரிமையையும் வழங்கினர். நோர்மன் வேந்தன் வில்லியம் நாடு முழுவதையும் வென்ற பின்னரும் ஹெரவாட் என்பவனும் அவன் தோழரும் இச்சதுப்பின் துணைகொண்டு எதிர்த்து நின்றனர். 1071இல் சதுப்பின்மேல் பாதை அமைத்தே வில்லியம் அவர்களை அடக்க வேண்டியிருந்தது. 1109இல் ஈலி அத்தியட்சரின் பீடமாயிற்று. மடத்தின் ஆட்சியுரிமை அவர் கைக்கு வந்தது. அதன்பின் ஏழு நூற்றாண்டுகளுக்கு மேலாக, ஈலித் தீவிலே நீதிபதியை நியமிப்பவரும் சிறைச்சாலையை வைத்திருப்பவரும் அத்தியட்சரே. அரசனுடைய நாட்டுக்குள் அவர் ஒரு சிற்றரசர் போலவே விளங்கினார்.

அத்தியட்சர் மனிதரை ஆண்டார். நீரை ஆள வேறொருவர் வந்தனர். 1630ஆம் ஆண்டளவில் பெட்பேட் பிரபுவும் அவருடன் பணமிட்ட பதின்மூவரும் சதுப்பை வடித்து விளைநிலமாக்க முன்வந்தனர். வேர்மியூடன் என்னும் ஒல்லாந்தப் பொறியியலாளர் இவ்வேலையை நடத்தினார். ஊஸ் ஆற்றின் வளைவுகளைத் தவிர்த்து, 21 மைல் நீளத்துக்கு நேரான வாய்க்கால் ஒன்று 1637இல் வெட்டி முடிக்கப்பட்டது. 1651இல் அதற்கு இணையாக நூறடி அகலமுள்ள இன்னொன்று வெட்டப்பட்டது. டன்பார்ப் போரிற் பிடிபட்ட ஸ்கொத்லாந்துக் கைதிகளும், கடற்போரிற் சிறைப்பட்ட ஒல்லாந்தரும் இவ்வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். இரு வாய்க்கால்களுக்கும் இடையே ஒரு நீண்ட நிலப்பட்டி விடப்பட்டது. மாரியில் வெள்ளத்தை அதில் தேக்கி, கோடையில் மாடு மேய்ப்பர். நானூறு ஆண்டுகளுக்கு அணித்தாகியும் அவ்வேற்பாடு இன்றும் அப்படியே வேலை செய்கின்றது. நல்ல திட்டம் என்று யாரும் ஒப்புக்கொள்வர்.

ஆனால் அத்திட்டத்தின் பயன் யாருக்குச் சென்றது? பணமிட்டோருக்கு 95,000 ஏக்கர் பரிசாகக் குறிக்கப்பட்டது. மீன் பிடித்தும், பறவை வேட்டையாடியும், நாணல் அறுத்தும், பொதுநிலத்தில் மாடு மேய்த்தும் பிழைத்த ஏழை மக்கள் தம் பொது உரிமையை இழந்தனர். கரைகளை இரவில் உடைத்தனர், வேலையாட்களைத் துரத்தினர். ஈலியில் 1636 முதல் வாழ்ந்த ஒலிவர் குறொம்வெல், தொடக்கத்தில் அம்மக்களுக்காகவே வாதாடினார். அதிகாரம் அவர் பக்கம் வந்த பின்னர் 1649ஆம் ஆண்டின் சட்டத்தால் அதே வேலை மீண்டும் தொடங்கிற்று. சரித்திரத்தில் இவ்வகை மாற்றம் புதிதன்று. 1663இல் பெட்பேட் வடிகாற் கூட்டுத்தாபனம் சட்டப்படி நிறுவப்பட்டது. அதில் வாக்குரிமை நிலவுடைமையைப் பொறுத்தது. நிலமற்றவனுக்கு அச்சபையில் இடமில்லை.

நீரை வடித்ததனால் எவரும் எதிர்பாராத ஒரு விளைவும் நேர்ந்தது. அங்குள்ள கறுத்த மண், மக்கிய தாவரங்களால் ஆன முற்றா நிலக்கரி. ஈரம் வற்றியதும் அது சுருங்கும்; காற்றுப் பட்டதும் சிறிது சிறிதாகச் சிதைந்து குறையும். எனவே வயல் தாழ்ந்தது. கரைகளுக்கிடையே ஓடிய ஆறு உயர்ந்து நின்றது. வயலிலிருந்து ஆற்றுக்கு நீரை ஏற்றிவிட வேண்டிய நிலை வந்தது. முதலில் காற்றாலைகள் ஏற்றின. பின்னர் 1831இல் ஸ்றெதம் என்னுமிடத்தில் நீராவி யந்திரம் அமைக்கப்பட்டது. அதன் பெரிய சில்லு வயல் நீரை அள்ளி ஆற்றில் ஊற்றிற்று. அக்கட்டிடமும் யந்திரமும் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. நீராவிக்குப் பின் டீசல், டீசலுக்குப் பின் மின்சாரம். யந்திரம் வலிமை பெறப் பெற நிலம் மேலும் வற்றிற்று. வற்ற வற்ற மேலும் தாழ்ந்தது.

இவ்வளமான மண்ணில் உழைத்தவன் நிலை யாது? நெப்போலியன் போர் முடிந்த பின் வேலை அருகிற்று. தானிய விலை ஏறிற்று. 1816 மே மாதம் 22ஆம் நாள் லிட்டில்போட் என்னும் ஊரிற் கூடிய கூலியாட்கள் செல்வர் வீடுகளைத் தாக்கிவிட்டு, மறுநாள் ஈலிக்கு நடந்தனர். மாவின் விலைக்கு ஏற்பக் கூலி வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. கேட்டதைத் தருவதாக நீதவான்கள் முதலில் இணங்கினர். பின்னர்ப் படை வந்தது. யூன் மாதத்தில் விசேட நீதிமன்றம் கூடிற்று. வழக்கைக் கேட்க முடிக்குரிய நீதிபதிகளும் அனுப்பப்பட்டனர். 24 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஐவர் யூன் 28ஆம் நாள் ஈலியில் தூக்கிலிடப்பட்டனர். ஏனையோரிற் சிலர் நாடு கடத்தப்பட்டனர், சிலர் சிறை சென்றனர். ஐவரின் நினைவுக் கல் ஈலியின் புனித மரியாள் ஆலயச் சுவரில் இருக்கின்றது. அத்தியட்சரின் நீதியுரிமையும் இதன்பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1836, 1837ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் அதனை முடிக்கு மீட்டன.

அதற்குப் பிந்திய நிர்வாகக் கதையைச் சுருங்கச் சொல்லலாம். 1889இல் ஈலித் தீவு தனிக் கவுண்டிச் சபை பெற்றது. 1965இல் கேம்பிறிட்ஜ்ஷயருடன் இணைந்தது. 1974 ஏப்பிரில் முதலாம் நாள் ஈலி நகரப் பகுதி, ஈலிக் கிராமப் பகுதி, நியூமாக்கட் கிராமப் பகுதி என்னும் மூன்றும் சேர்ந்து இன்றைய மாவட்டமாயின. இதில் ஒரு விநோதம் உண்டு. குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன நியூமாக்கட் நகரம் பெரும்பாலும் இம்மாவட்டத்தாற் சூழப்பட்டிருந்தும், அயலிலுள்ள சபக் கவுண்டியைச் சேர்ந்தது. அதன் பெயர்கொண்ட கிராமப் பகுதி இங்கே, நகரம் அங்கே! வீடமைப்பு, கட்டிட அனுமதி, குப்பை அகற்றல் ஆகியவற்றை மாவட்ட சபை பார்க்கும். தெருக்களும் பாடசாலைகளும் கவுண்டிச் சபையின் பொறுப்பு. பேராலயம் கொண்ட ஈலி ‘மாநகர’ சபையோ அதிகாரத்தில் ஒரு கிராம சபைக்கு ஒப்பானது. வடிகால் மாத்திரம் இவர்கள் எவரிடமும் இல்லை. அதற்கெனத் தனி வடிகாற் சபைகள் இருக்கின்றன. அவை தனியே வரி பெறுகின்றன.

இனிப் போக்குவரத்து. பழைய ஈலிக்கு ஆறே பெருந்தெரு. பேராலயத்துக்குக் கல்லும், ஊருக்கு நிலக்கரியும் படகில் வந்தன. 1845 யூலை 30ஆம் நாள் புகையிரதம் வந்தது. இரண்டொரு ஆண்டுகளில் நோர்விச், கிங்ஸ் லின், பீற்றர்பரோ ஆகிய திசைகளிலிருந்து வந்த பாதைகளும் ஈலியிற் சந்தித்தன. அமிழும் மண்ணில் பாதை போடுவது எளிதன்று. எனினும் சுற்றிலும் சதுப்பு நிறைந்த நாட்டில் மேடான ஈலியே இயற்கையான சந்தியாயிற்று. 1879இல் சோகம் வழியாக நியூமாக்கட் பாதையும் சேர்ந்தது.

அந்தச் சோகம் நிலையத்தின் பெயர் 1944இல் நாடெங்கும் பரவியது. யூன் 2ஆம் நாள் நள்ளிரவு கடந்து, குண்டுகள் ஏற்றிய 51 பெட்டிகளுடன் ஒரு சரக்கு வண்டி அங்கே வந்துகொண்டிருந்தது. முதற் பெட்டியில் தீப்பற்றியதைச் சாரதி பெஞ்சமின் கிம்பேட் கண்டார். அவர் சொற்படி நெருப்பூட்டுபவரான ஜேம்ஸ் நைற்றோல் இறங்கி, எரிகின்ற பெட்டியை ஏனையவற்றிலிருந்து கழற்றினார். அதனை மாத்திரம் ஊருக்கு அப்பால் இழுத்துச் செல்ல இருவரும் முயன்றனர். நிலையத்தின் அருகே அது வெடித்தது. நைற்றோல் அவ்விடத்திலேயே இறந்தார். சமிக்ஞையாளர் பிறாங் பிறிஜஸ் காயத்தால் மாண்டார். கிம்பேட் உயிர் தப்பினார். நிலையம் தரைமட்டமாயிற்று, நூற்றுக்கணக்கான வீடுகள் சேதமுற்றன. ஐம்பது பெட்டிகளும் வெடித்திருந்தால் சோகம் என்றோர் ஊரே எஞ்சியிராது. சாரதிக்கும் நெருப்பூட்டுபவருக்கும் ஜோர்ஜ் சிலுவை வழங்கப்பட்டது. பாதை அன்று மாலையே சீராக்கப்பட்டு வண்டிகள் மீண்டும் ஓடின. குண்டு மூடாத அந்நிலையத்தை 1965இல் சிக்கனம் மூடியது. 56 ஆண்டுகளின் பின், 2021 டிசெம்பரில் அது மறுபடி திறக்கப்பட்டது. 2017இல் உருவான கேம்பிறிட்ஜ்ஷயர் பீற்றர்பரோ கூட்டு அதிகார சபையே அதற்கான பணத்தின் பெரும்பங்கை அளித்தது.

தெருக்களின் கதை வேறு. ஈலி நிலையத்தருகே புகையிரதக் கடவை ஒன்று இருந்தது. பக்கத்திலிருந்த தாழ்ந்த பாலத்தில் லொறிகள் அடிக்கடி முட்டிக்கொண்டன. ஆற்றையும் பாதையையும் கடந்து செல்லும் புதிய தெரு 2018 ஒக்டோபரில் திறக்கப்பட்ட பின்னரே அத்தொல்லை நீங்கிற்று.

நீர் மட்டும் எவருக்கும் முற்றாக அடங்கியதில்லை. 1947 மார்ச்சில் பனி உருகிய வெள்ளமும் புயலும் ஒருங்கே வந்து கரைகளை உடைத்தன. அதன்பின் கிழக்குத் திசை ஆறுகளின் வெள்ளத்தை இடைமறித்துக் கொண்டுசெல்லும் பெருவாய்க்கால் ஒன்று வெட்டப்பட்டு 1964இல் முற்றுப்பெற்றது. வேர்மியூடன் பதினேழாம் நூற்றாண்டிலேயே கூறிய யோசனை அது. அன்று பணம் இல்லையென விடப்பட்டது.

2024 டிசெம்பரில் இங்கிலாந்து அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, கவுண்டி, மாவட்டம் என்ற இரட்டை அடுக்கை நீக்கி ஒரே சபையாக்க வேண்டும் என்கின்றது. அரைநூற்றாண்டு மாவட்டத்தின் முடிவு இவ்வாறு முன்மொழியப்பட்டுள்ளது. மாரி வந்ததும், ஹடன்ஹாமிலிருந்து ஏரித்துக்குச் செல்லும் தெரு, வேர்மியூடனின் இரு வாய்க்கால்கள் தொடங்கும் அவ்விடத்தில், பல ஆண்டுகளில் நீருள் மூழ்கிவிடும். அப்போது மறியல் பலகையை வைத்துவிட்டு, வெள்ளம் வடியும்வரை வண்டிகளைச் சுற்றுவழியில் அனுப்புகின்றனர்.