தார்ப்பாயும் படகுப் பாயும் தைக்கும் இயந்திரங்கள்

லாரித் தார்ப்பாய், படகுப் பாய், கூடாரம் போன்ற கனத்த துணிகளைத் தைக்கும் இயந்திரம், சாதாரணத் தையல் மெஷினிலிருந்து மோட்டாரின் பலத்தைவிடத் துணியை நகர்த்தும் விதத்தில்தான் வேறுபடுகிறது. சேலம், நாமக்கல் வட்டாரத்தில் கடல் கிடையாது; மேட்டூர் நீர்த்தேக்கத்திலும் துடுப்புப் போடும் பரிசல்தான். ஆனால் லாரி பாடி கட்டுவதில் பேர்பெற்ற நாமக்கல்லும், லாரித் தொழில் ஊரான சங்ககிரியும் இங்கே இருப்பதால் தார்ப்பாய்த் தையல் பழகிய வேலை. சொந்தமாகப் பாய் தைக்க மெஷின் தேடுபவருக்கும் அந்த வேலையின் அளவுகோல்கள் பெரும்பாலும் பொருந்தும்.

வீட்டு மெஷினில் கீழிருக்கும் பற்கள் மட்டுமே துணியைத் தள்ளுகின்றன. மேல் துணி, அதை அழுத்தும் ஃபுட்டில் உரசிப் பின்தங்கும். நாலைந்து மீட்டர் தைத்து முடிக்கையில் இரண்டு விளிம்புகளும் விரற்கடை முன்பின்னாக நிற்கும். தார்ப்பாயில் அதை வெட்டிச் சரிசெய்யலாம். பாயில் காற்றைப் பிடிக்கும் வளைவே கெட்டுவிடும். வாக்கிங் ஃபுட் மெஷினில் மேல் ஃபுட்டும் பற்களோடு சேர்ந்து நகரும். ஊசியும் உடன் நகரும் வகை இன்னும் மேல்.

தார்ப்பாய்க்கும் பாய்க்கும் வழி பிரிவது ஜிக்ஜாகில். தார்ப்பாய்க்கு நேர்த்தையல் போதும். பாய்த்துணி காற்றில் இழுபட்டுத் தளரும்; நேர்த்தையலின் நூல் அதோடு நீளாமல் அறுபடும். அதனால் பாய் தைப்போர் ஜிக்ஜாகையே விரும்புகின்றனர். வாக்கிங் ஃபுட் மெஷின்களில் பெரும்பாலானவை நேர்த்தையல் மட்டுமே போடுபவை. இரண்டும் சேர்ந்தது அரிது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து செயில்ரைட் நிறுவனத்தின் சிறிய மெஷின் அதற்குப் பெயர்பெற்றது. சிறு பாய் ஒன்றிரண்டுக்காக அதை வரவழைப்பது வீண்செலவு. உள்ளூரில் கிடைக்கும் பழைய நேர்த்தையல் மெஷினில் நீளத் தையலாக இரண்டு வரிசை போட்டால் தாங்கும்.

தையல் நீளம் 4 முதல் 6 மி.மீ. வரை போக வேண்டும். நெருக்கித் தைத்தால் ஊசித் துளைகளே துணியைக் கிழிக்கும் கோடாகிவிடும். சுருட்டிய துணி நுழையக் கைப்பகுதிக்கு உள்ளே இடமும் வேண்டும். வீட்டு மெஷினில் அது ஒரு சாண் அளவுகூட வராது, தொழிற்சாலை மெஷினில் ஏறத்தாழ 25 செ.மீ. இருக்கும்.

மோட்டாரில் வேகத்தைவிட நிதானமே முக்கியம். பழைய கிளட்ச் மோட்டார் நிமிடத்துக்கு 1,440 அல்லது 2,850 சுற்று ஓடும். மிதித்தவுடன் துணி பறக்கும். சர்வோ மோட்டார் ஒவ்வொரு தையலாக நகரும், சும்மா இருக்கையில் மின்சாரமும் அதிகம் இழுக்காது. சேலம் ஃபேர்லேண்ட்ஸ் போன்ற குடியிருப்புப் பகுதி வீட்டில் தைப்பவர், மோட்டார் சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட்டில் ஓடுமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். தொழிற்கூடத்திலிருந்து வரும் பழைய மெஷினில் த்ரீ ஃபேஸ் மோட்டார் இருக்கக்கூடும்.

ஊசி 18 முதல் 22 எண் வரை, துணிக்கேற்ப. நூல் வெயில் தாங்கும் பாலியஸ்டராக இருப்பது நல்லது. நைலான் பலமானதுதான், ஆனால் வெயிலில் சீக்கிரம் நைந்துபோகும்.

பழைய மெஷினைப் பார்க்கப் போகும்போது தைக்கப்போகும் துணியின் துண்டையே கொண்டுபோக வேண்டும். ஆறு மடிப்பாக மடித்து ஃபுட்டின் கீழ் வைத்து, மோட்டாரைப் போடாமல் வீலைக் கையால் சுற்ற வேண்டும். ஊசி வளையாமல் இறங்கி, கீழ்நூலைப் பிடித்து ஏற வேண்டும். துண்டைத் திருப்பினால் முடிச்சுகள் துணிக்குள் புதைந்திருக்க வேண்டும்; அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் பெரும்பாலும் மேல் டென்ஷன் தளர்ந்திருக்கிறது, அதைத் திருகிச் சரிசெய்யலாம். தையல் விட்டு விட்டு விழுந்தால் புது ஊசி போட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் விட்டால் ஷட்டில் தேய்ந்திருக்கலாம். விலையைக் குறைத்துக் கேட்க அதுவே இடம்.

பிவிசி பூசிய தார்ப்பாய்களை இப்போது வெப்பக் காற்றால் ஒட்டிவிடுகிறார்கள், அங்கே தையலுக்கு வேலை குறைவு. பாயின் மூலைகளில் ஒட்டுத்துணி பத்து மடிப்புக்கு மேல் சேரும். அதைக் கோணி ஊசியும் உள்ளங்கைத் தோலுறையும் கொண்டு கையால் தைப்பதும் உண்டு.